1969 கமரோ: மூன்று பிரேக் புகார், ஏழு கோளாறு

வண்டி 1969 ஷெவ்ரோலே கமரோ, 350 கன அங்குல வி8. பிறந்தபோது நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் (உள்ளிருந்து ஷூ விரிந்து பிடிக்கும் வகை), பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிடத்தால் கால் அழுத்தத்துக்குத் துணை தரும் கருவி) கிடையாது. அந்தக் காலத்தில் முன் டிஸ்க் என்பது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வசதி. டிரம்மோடு வந்த பல கமரோக்கள் பின்னாளில்தான் டிஸ்க்குக்கு மாறின. இதுவும் அப்படி மாறிய வண்டி. முன்னால் 11 அங்குல டிஸ்க், அதைப் பேட் வைத்து இருபுறமும் நெரிக்கும் 2-15/16 அங்குல ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர், ஏழு அங்குல ஒற்றை டயாஃப்ரம் பூஸ்டர், பெடல் மிதித்ததும் ஆயிலைப் பைப்புக்குள் தள்ளும் 1-1/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர். பின்னால் பழைய டிரம்மே. எஞ்சினில் தொழிற்சாலைக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போய், பெரிய கேம் ஏறியிருக்கிறது. அந்தக் கேம் பிரேக் கதைக்குள் எப்படி வருகிறது என்பது பிறகு.

புகார் மூன்று. பெடல் பாதி தூரம் பஞ்சு மாதிரி இறங்குகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் முன்பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது, அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் விட்டுவிடுகிறது. அவசரமாக மிதித்தால் பின்சக்கரம் லாக் ஆகி வால் பக்கவாட்டில் போகிறது.

இதற்கு முன்பு நடந்த வைத்தியம்: மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தடவை, முன் ஹோஸ்கள் ஒரு தடவை மாற்றப்பட்டன. ஐந்து தடவை ஏர் எடுத்தாயிற்று, அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றியாயிற்று. பெடலின் குணம் மாறவில்லை. பொருளை மாற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது ஒரு கோளாறு மட்டும் இருக்கும் வண்டியில் சில சமயம் பலிக்கும். இந்த வண்டியில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு ஏழு இருந்தன.

கழற்றுவதற்கு முன்

முதலில் மாஸ்டரின் மூடியைத் திறந்து ரப்பர் டயாஃப்ரத்தைப் பார்க்க வேண்டும். அது உப்பி, அலை அலையாகி, மூடிக்குள் திரும்ப உட்கார மறுத்தால் யாரோ பவர் ஸ்டீரிங் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். பெட்ரோலியம் பட்ட பிரேக் ரப்பர் ஊதிப்போகும். அப்படி என்றால் காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் வாஷர் (பிஸ்டனோடு நகர்ந்து ஆயிலை அடைக்கும் ரப்பர்), ஹோஸ், மாஸ்டர் கிட் எல்லாமே குப்பைக்குத்தான், பைப்பை ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும். இந்த வண்டியில் டயாஃப்ரம் நன்றாக இருந்தது.

அடுத்து பிரேக் ஆயில். ஊதா நிறம் தெரிந்தால் டாட் 5 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்), அதாவது சிலிக்கோன். அது டாட் 3, 4 வகைகளோடு கலக்காது. நுண்ணிய காற்றுக்குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. டாட் 5.1 பெயரில்தான் நெருக்கம், அது கிளைக்கால் வகை. இங்கே இருந்தது டாட் 3, நிறம் கறுத்த தேன். ஒதுக்கி வைத்து மேலே போகலாம், எப்படியும் முழுசாக மாற்றத்தான் போகிறோம்.

மூன்றாவது பெடல். கையால் மேலே இழுத்தால் இன்னும் கொஞ்சம் வருகிறதா? வந்தால் பிரேக் லைட் சுவிட்ச் பெடலை முழுசாகத் திரும்ப விடாமல் தாங்கிப் பிடித்திருக்கிறது. பிரேக் பிடித்துக்கொள்ளும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம், செலவே இல்லாத காரணம். இங்கே அது சரியாக இருந்தது. பெடலை மிதித்து முப்பது வினாடி ஒரே அழுத்தத்தில் வைத்தபோதும் மெல்ல இறங்கவில்லை. ஆகவே மாஸ்டருக்குள் வாஷர் வழி கசிவு இல்லை, வெளியிலும் இல்லை.

இரண்டு பிளக்

அமெரிக்கக் கார்கள் 1967 மாடலிலேயே இரட்டைச் சுற்றுக்கு வந்துவிட்டன. 1968 ஜனவரி 1 முதல் அது மத்திய அரசின் சட்டம். முன்பக்கத்துக்கு ஒரு அறை, பின்பக்கத்துக்கு ஒரு அறை. ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். கோளாறு தேடுகிறவருக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிஸ்டத்தை மாஸ்டரின் வாயிலேயே இரண்டாக வெட்டிப் பார்க்கலாம்.

மாஸ்டரிலிருந்து இரண்டு பைப்பையும் கழற்றி, துளைகளை ஃப்ளேர் பிளக் போட்டு அடைக்க வேண்டும். இரண்டு துளைக்கும் திரெட் ஒன்றாக இருக்காது. இந்த வகை ஜிஎம் (ஷெவ்ரோலேயின் தாய் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ்) மாஸ்டர்களில் பெரும்பாலும் 1/2-20, 9/16-18. சாதாரண போல்ட்டை முறுக்கினால் உள்ளே இருக்கும் பித்தளை இருக்கை நசுங்கும். கழற்றுமுன் ஃபெண்டர் மேல் ஈரத்துணி போடுங்கள், இந்த ஆயில் சொட்டினால் பெயின்ட் உரியும்.

இரண்டும் அடைத்த நிலையில் மிதித்தபோது பெடல் மேலேயே கல்லாக நின்றது. மாஸ்டர் நல்லது, அதற்குள் காற்றும் இல்லை. அதற்கு முந்தைய மாஸ்டரும் அநேகமாக நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு பின்பக்கப் பைப்பை மட்டும் இணைத்துப் பார்த்தால் பெடல் நிறைய இறங்கியது. ஆனால் இறங்கி நின்ற இடத்தில் கெட்டியாக நின்றது. முன்பக்கத்தை மட்டும் இணைத்தபோது இறக்கம் குறைவு, ஆனால் காலுக்கடியில் ஸ்பிரிங் வைத்த மாதிரி குதித்தது. இந்த வித்தியாசத்தைக் கால் கற்றுக்கொள்ள வேண்டும். ஆழமாகப் போய்க் கெட்டியாக நின்றால் எங்கோ இடைவெளி அதிகம், ஆயில் அதை நிரப்பப் போகிறது. ஆழம் எதுவானாலும் குதித்தால் காற்று. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. இரண்டுமே பம்ப் பண்ணினால் மேலே வரும் என்பதால்தான் "பம்ப் பண்ணினா வருது, அப்ப ஏர்தான்" என்று ஐந்து தடவை ஏர் எடுத்திருக்கிறார்கள்.

பின்பக்கம்: இடம் மாறிய நட்சத்திரம்

பார்க்கிங் பிரேக்கை நாலு பல் ஏற்றிவிட்டு மிதித்தால் பெடல் ஒன்றரை அங்குலம் மேலே நின்றது. பார்க்கிங் கேபிள் ஷூவை டிரம் பக்கம் தள்ளிவிட்டது, நிரப்ப வேண்டிய இடைவெளி குறைந்தது. இதைவிட மலிவான சோதனை பிரேக் வேலையில் இல்லை.

டிரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. இந்த ஜிஎம் டிரம்மில் அட்ஜஸ்டர் தானாக வேலை செய்யும். ரிவர்ஸில் போகும்போது பிரேக் மிதித்தால் ஷூ சுழன்று லீவரை இழுக்கும், லீவர் நட்சத்திரச் சக்கரத்தை ஒரு பல் தள்ளும், ஷூ விரியும். இடப்பக்க அட்ஜஸ்டரும் வலப்பக்க அட்ஜஸ்டரும் எதிரெதிர் திரெட். பக்கம் மாறிப்போனால் லீவர் ஒவ்வொரு தடவையும் ஷூவைச் சுருக்கும். ரிவர்ஸ் எடுத்து எடுத்து நிறுத்தினால் பெடல் ஏறும் என்று கேள்விப்பட்டு அதையே செய்தவர், தன் கையாலேயே பெடலை இன்னும் கீழே இறக்கியிருப்பார். அட்ஜஸ்டரின் முனையில் எல், ஆர் எழுத்து அடித்திருக்கும். சந்தேகம் இருந்தால் லீவரைக் கையால் தள்ளி, ஸ்குரூ நீள்கிறதா சுருங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

ஷூக்களின் முறையையும் அப்போதே பார்த்தாயிற்று: லைனிங் குட்டையான பிரைமரி ஷூ வண்டியின் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். சரியாகவே இருந்தது. அட்ஜஸ்டர்களைப் பக்கம் மாற்றிப் போட்டு, டிரம்மை ஏற்றி, சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவு இறுக்கி, பிறகு 'சர்' என்று லேசாக உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும் வரை தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது மெல்லிய ஸ்குரூடிரைவரால் லீவரை விலக்கிப் பிடிக்காவிட்டால் நட்சத்திரத்தின் பற்கள் தேய்ந்துவிடும்.

முன்பக்கம்: கீழே பார்க்கும் நிப்பிள்

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு காலிப்பரிலும் ஏர் எடுக்கும் நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது. இந்த ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் இடம் வலம் மாற்றிப் போட்டாலும் தடையில்லாமல் பொருந்தும், பேடும் பிடிக்கும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடுவதால், மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஓட்டினாலும் வெளியே வராது. நிப்பிளில் குமிழ் இல்லாத சுத்தமான ஆயில் வரும். செய்தவர் வேலை முடிந்ததென்று நம்பிவிடுவார்.

காலிப்பர்களைப் பக்கம் மாற்றியாயிற்று. ஹோஸை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர். பழையதைத் திரும்பப் போட்டால் வியர்க்கும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் டயரில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏர் எடுத்த வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். இந்தக் கமரோவில் பூஸ்டரும் மாஸ்டரும் மூக்கை மேலே தூக்கி உட்கார்ந்திருக்கும், மாஸ்டரின் முன்முனையில் ஒரு குமிழ் ஒளிந்துகொள்ளும். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் உயர்த்தி மாஸ்டரை மட்டமாக்கினால் அந்தக் குமிழ் துளை வழியே தொட்டிக்கு ஏறிவிடும். பெடலை மெதுவாக, பாதி தூரம் மட்டும் மிதிக்க வேண்டும். பழைய மாஸ்டரில் முழுசாக அமுக்கினால் அதுவரை வாஷர் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய், உதடு கிழிந்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் ஏர் எடுத்த மறுநாள் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். ஆயில் முழுவதையும் மாற்ற ஒரு லிட்டர் தாராளம்.

முதல் புகார் தீர்ந்தது. பெடல் குதிக்கவில்லை.

சூட்டில் பிடிக்கும் பிரேக்

எட்டு கிலோமீட்டர், கூடியவரை பிரேக் தொடாமல் ஓட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்தபோது முன் டிஸ்க் இரண்டும் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி, பின் டிரம் 50-க்குக் கீழே. இரண்டு முன்சக்கரமும் சமமாகக் கொதிப்பதுதான் இங்கே முக்கியமான செய்தி. ஹோஸின் உட்சுவர் பிரிந்து ஒருவழி வால்வாகிவிட்டாலோ, பிஸ்டன் துருவேறி நின்றுவிட்டாலோ ஒரு பக்கம்தான் அதிகம் சுடும். வண்டியும் அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு ஹோஸும் ஒரே நாளில், ஒரே அளவுக்குக் கெடுவது அபூர்வம். ஆக, காரணம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில், மாஸ்டரிலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும்.

மாஸ்டர் பக்கம் சந்தேகம் இரண்டு. முதலாவது ரெசிடுவல் வால்வு. டிரம் காலத்து மாஸ்டர்களில் வெளிவாயின் பித்தளை இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் வால்வு ஒளிந்திருக்கும். வீல் சிலிண்டர் வாஷர்கள் தளர்ந்து காற்று இழுக்காமலிருக்க, பைப்பில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தை அது எப்போதும் தேக்கி வைக்கும். டிரம்மில் வலுவான ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுப்பதால் பாதகமில்லை. டிஸ்க் காலிப்பரில் அப்படி ஸ்பிரிங் எதுவும் கிடையாது, சதுர சீல் முறுக்கித் திரும்பும் மயிரிழைதான் பேடை விடுவிக்கிறது. 2-15/16 அங்குலப் பிஸ்டனின் பரப்பு 6.78 சதுர அங்குலம், 10 பி.எஸ்.ஐ. என்றால் ஒவ்வொரு பிஸ்டனையும் 68 பவுண்டு, ஏறக்குறைய 31 கிலோ, ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஆனால் ரெசிடுவல் வால்வு சூடு வரும் வரை காத்திருக்காது. காலையில் குளிர்ந்த வண்டியிலும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றும். இங்கே குளிர்ந்த சக்கரம் தாராளமாகச் சுற்றியது, ஓட ஓடத்தான் இறுகியது. அது இரண்டாவது சந்தேகத்தின் குணம்: பூஸ்டரிலிருந்து மாஸ்டருக்குள் போகும் புஷ்ராடு நீளம்.

மாஸ்டர் பிஸ்டன் முழுசாகத் திரும்பினால்தான் தொட்டிக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் ஊசித்துளை திறக்கும். சூட்டில் ஆயில் விரியும்போது அந்த விரிவு இந்தத் துளை வழியேதான் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். ராடு நீளமாக இருந்து பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவைத்தால் வாஷரின் உதடு துளையை மூடிக்கொள்ளும். விரிந்த ஆயிலுக்கு வழியில்லை, பேடைத் தள்ளுகிறது. பேட் உரசி இன்னும் சூடேற்றுகிறது, ஆயில் இன்னும் விரிகிறது. அரை மணி நேரம் ஆறினால் சுருங்கி விட்டுவிடுகிறது.

உறுதி செய்ய வண்டியைச் சூடாக்கி, பிடித்திருக்கும்போதே முன்பக்கத்தைத் தூக்கியாயிற்று. சக்கரம் இரண்டு கையாலும் சுற்ற முடியவில்லை. மாஸ்டரைப் பூஸ்டரோடு பிணைக்கும் இரண்டு நட்டையும் 9/16 ஸ்பானரால் இரண்டு சுற்றுத் தளர்த்தி, மாஸ்டரை முன்னால் இழுத்ததும் தொட்டிக்குள் ஆயில் ஒரு சிறு சுழலாகக் கொப்பளித்தது. அதே நொடியில் சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. பைப், ஹோஸ், காலிப்பர் எல்லாம் இத்தோடு குற்றமற்றவை. இந்தச் சோதனையில் விடவில்லை என்றால் அடுத்து மாஸ்டர் வாயில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். விட்டால் மாஸ்டரோ ரெசிடுவல் வால்வோ. அங்கும் விடாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் இடையிலிருக்கும் ஹோஸ். நிப்பிளும் உதவவில்லை என்றால் பிஸ்டன் அல்லது காலிப்பர் பின் இறுகியிருக்கிறது. மேலிருந்து கீழே, இந்த வரிசையை மாற்றக் கூடாது.

குளிர்ந்த வண்டியில் இதையே பார்க்க இன்னொரு வழி: மூடியைக் கழற்றி, ஒருவர் பெடலை மிக மெதுவாக அமுக்க, முதல் சில மில்லிமீட்டரில் துளையிலிருந்து ஒரு குட்டி ஊற்று எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் துளை ஏற்கெனவே மூடியிருக்கிறது. குனிந்து பார்ப்பவர் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், வேகமாக மிதித்தால் அந்த ஊற்று முகத்துக்கு வரும்.

ராடு அளவு: மாஸ்டரின் முகத்திலிருந்து பிஸ்டன் குழியின் ஆழம், பூஸ்டரின் முகத்திலிருந்து ராடு நீட்டியிருக்கும் நீளம், இரண்டையும் டெப்த் கேஜில் எடுத்துக் கழித்தால் 0.060 அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், ராடு அதிகம். ராடின் நுனித் திருகை உள்ளே இறக்கி, நுனிக்கும் பிஸ்டனுக்கும் 0.020 அங்குல இடைவெளி வைத்தாயிற்று. கேஜ் இல்லாதவர்கள் குழிக்குள் களிமண் உருண்டை வைத்து மாஸ்டரை இறுக்கிக் கழற்றி, நசுங்கி மிஞ்சிய தடிமனை அளக்கலாம். அதிகம் தளர்த்தினாலும் ஆபத்து, அந்த இடைவெளி முழுவதும் பெடலில் வெற்று ஆட்டமாக வரும். எஞ்சின் ஓடும்போது வெற்றிடத்தில் பூஸ்டரின் தகரம் கொஞ்சம் நெளியும் என்பதால், ஐடிலில் ஒரு முறை ஊற்றைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

கொதித்த ஆயிலை இன்னொரு தடவை மாற்றியாயிற்று. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 140 தான். டாட் 4-இல் இவை 230, 155. இந்த வண்டிக்கு டாட் 4.

பெடல் கம்பியின் துளை, பூஸ்டரின் பசி

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கமரோவின் பெடல் கம்பியில் பின் போட இரண்டு துளை உண்டு. மேல் துளை பூஸ்டர் இல்லாத வண்டிக்கு, பெடல் விகிதம் சுமார் 6:1. கீழ்த் துளை பூஸ்டர் வண்டிக்கு, சுமார் 4:1. இந்த வண்டியில் பூஸ்டர் ஏறிய பிறகும் பெடலிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ராடு மேல் துளையிலேயே இருந்தது. ராடு சாய்ந்து பூஸ்டருக்குள் நுழைகிறது, பெடலின் தூரமும் ஒன்றரை மடங்கு.

முறைப்படி கீழ்த் துளைக்கு மாற்றியதும் பெடல் உயர்ந்தது, கெட்டியானது. வண்டி நிற்கத்தான் மறுத்தது. தவறான துளை அதுவரை இன்னொரு குறையை மூடி வைத்திருந்தது.

எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் நல்ல பூஸ்டர் பெடலைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். இங்கே இழுப்பு மிகவும் லேசு. பூஸ்டர் ஹோஸில் வாக்குவம் கேஜ் போட்டால் ஐடிலில் 10 பாதரச அங்குலம். இத்தகைய பூஸ்டர் 18-ஐ எதிர்பார்க்கிறது. பெரிய கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம், ஐடிலில் வெற்றிடம் தேறாது. பூஸ்டர் கெட்டுப்போகவில்லை, பட்டினி கிடக்கிறது.

உத்தேசக் கணக்கு போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். கால் 70 பவுண்டு, அதாவது 32 கிலோ, அமுக்குவதாக வைப்போம். ஏழு அங்குல டயாஃப்ரத்தின் பரப்பு 38.5 சதுர அங்குலம். 10 பாதரச அங்குலம் என்பது 4.9 பி.எஸ்.ஐ.; பூஸ்டர் அதிகபட்சம் தரும் உதவி 189 பவுண்டு. கீழ்த் துளையில் கால் தருவது 280. மொத்தம் 469-ஐ 1-1/8 அங்குல மாஸ்டரின் 0.994 சதுர அங்குலத்தால் வகுத்தால் 472 பி.எஸ்.ஐ. மேல் துளையில் இருந்தபோது கால் 420 தந்தது, மொத்தம் 613 பி.எஸ்.ஐ. கிடைத்தது. அதனால்தான் தப்பான துளையில் வண்டி ஓரளவு நின்றது.

இப்போது பூஸ்டரே இல்லாமல், மேல் துளையில், ஒரு அங்குல மாஸ்டரோடு: 420-ஐ 0.785-ஆல் வகுத்தால் 535 பி.எஸ்.ஐ. பட்டினி பூஸ்டரைத் தூக்கி எறிந்தால் அழுத்தம் கூடுகிறது.

வழிகள் பல உண்டு. மின்சார வாக்குவம் பம்ப், இரட்டை டயாஃப்ரம் பூஸ்டர், ஸ்டீரிங் பம்பிலிருந்து ஓடும் ஹைட்ரோபூஸ்ட். வெற்றிடத் தொட்டி மட்டும் வைப்பது இதற்குத் தீர்வாகாது. எஞ்சின் தருவது 10 என்றால் தொட்டியிலும் 10தான், இரண்டு மிதி கூடுதலாக வரும், அவ்வளவே. இந்த வண்டிக்கு எடுத்த முடிவு பூஸ்டரைக் கழற்றுவது. காசும் குறைவு, கெடுவதற்குப் பொருளும் குறைவு. கேமை மாற்ற உரிமையாளர் சம்மதிக்க மாட்டார் என்பதும் கணக்கில் வந்தது.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பூஸ்டர் வண்டிக்கான மாஸ்டரில் பிஸ்டன் குழி ஆழமில்லாமல் இருக்கும், பூஸ்டர் ராடுக்கு அது போதும். பூஸ்டர் இல்லாத வண்டியின் ராடு ஆழமான குழிக்குள் உட்கார வேண்டும். ஆழமில்லாத குழியில் வைத்தால் பெடல் வேகமாகத் திரும்பும் ஒரு தருணத்தில் ராடு நழுவி விழலாம், அடுத்த மிதியில் பிரேக்கே இருக்காது. ஆழக் குழியுள்ள ஒரு அங்குல டிஸ்க்-டிரம் மாஸ்டர் போட்டு, பெரிய தொட்டி டிஸ்க் பக்கம் போகும்படி இணைத்தாயிற்று. பேட் தேயத் தேய காலிப்பர்தான் ஆயிலை அதிகம் வாங்கும். பெடல் நுனியில் கால் அங்குல வெற்று ஆட்டம், ராடில் அது சுமார் 0.04 அங்குலம். ஊற்றையும் பார்த்தாயிற்று.

சிறிய மாஸ்டர், பெரிய விகிதம் என்றால் பெடல் தூரம் கூடும். முன்பிருந்த 4:1, 1-1/8 சேர்க்கையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 1.9 மடங்கு. ஷூ இடைவெளியும் காற்றும் ஏற்கெனவே சரியாகியிருந்ததால்தான் இந்த முடிவு தாங்கியது.

பின்சக்கர லாக்

இது நேரடி விஷயம். முன் நிப்பிளிலும் பின் நிப்பிளிலும் பிரஷர் கேஜ் மாட்டி மிதித்தபோது இரண்டிலும் ஒரே எண்: 800, 800. ஃபிரேமோடு இருந்த பித்தளைக் கட்டை டிரம் காலத்து வினியோகக் கட்டை. ஒரு சுற்றில் அழுத்தம் போனால் டேஷ்போர்டு விளக்கை எரிய வைப்பது மட்டும்தான் அதன் வேலை. நான்கும் டிரம்மாக இருந்தவரை அது சரி. முன்னால் டிஸ்க் வந்த பிறகு கதை வேறு: டிஸ்க்குக்கு அழுத்தம் நிறைய வேண்டும், டிரம்மோ தன் சுழற்சியாலேயே ஷூவை இழுத்துக்கொண்டு குறைந்த அழுத்தத்தில் ஆவேசமாகப் பிடிக்கும். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்ந்து பின் டயர் லேசாகிவிடும் என்பதையும் சேர்த்தால் வால் போவதில் ஆச்சரியமில்லை.

டிஸ்க்-டிரம் காம்பினேஷன் வால்வு மாற்றியாயிற்று. பின்பக்க ஷூ ஸ்பிரிங்கை வென்று நகரும் வரை முன்பக்கத்தைச் சற்றே தாமதிப்பது, ஒரு எல்லைக்கு மேல் பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைப்பது, விளக்கு, மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இதோடு கூடுதலாகத் திருகி மாற்றும் வால்வையும் பின் பைப்பில் தொடராகப் போடுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பின்பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். காலால் ஏர் எடுத்தால் தாமத வால்வு தானே திறந்துவிடும். பிரஷர் பாட்டில் வைத்து எடுப்பவர்கள் அதன் நுனிப் பின்னைப் பிடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கத்துக்கு ஆயிலே போகாது. புது இணைப்புகளுக்கு 3/16 அங்குல ஸ்டீல் பைப், முனையில் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர். கம்ப்ரஷன் ஃபிட்டிங்குக்குப் பிரேக் பைப்பில் இடமே இல்லை.

மாற்றிய பின் கேஜ்: முன் 880, பின் 590. கால் 120 பவுண்டு அமுக்குவதாக வைத்தால் கணக்கு முன்னால் 917 சொல்கிறது; உராய்வும் ஹோஸின் விரிவும் மீதியைத் தின்றிருக்கும்.

கடைசியில் வந்த பேரிங்

சாலைச் சோதனையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் வளைவு நிறைந்த பகுதியைத் தாண்டி வந்ததும் முதல் மிதி ஒரு அங்குலம் தாழ்ந்தது, இரண்டாவது மிதி பழைய இடத்தில். கெட்டிதான், குதிப்பு இல்லை. காற்று இப்படி வளைவுக்கு வளைவு வந்து போகாது.

இடது முன்சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டியபோது 'டக்' என்று தெரிந்தது. டயல் கேஜில் ஹப்பின் ஆட்டம் 0.012 அங்குலம், 0.005-க்குள் இருக்க வேண்டும். வளைவில் ஹப் சாயும்போது டிஸ்க்கும் சாய்ந்து பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடுகிறது. அந்தப் பிஸ்டன் 0.020 அங்குலம் பின்வாங்கினால் நிரப்ப வேண்டியது 0.136 கன அங்குலம். ஒரு அங்குல மாஸ்டரில் அது 0.173 அங்குல நகர்வு, 6:1 பெடலில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். காலில் பட்ட இறக்கமும் அதேதான்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டு வரை இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் முட்டும் வரை மட்டும் திருகி, காட்டர் பின் துளை பொருந்தாவிட்டால் தளர்த்தும் பக்கம் போய்ப் பொருத்த வேண்டும். அதன் பிறகு ஆட்டம் 0.003. டிஸ்க்கின் கோணலையும் அப்போதே பார்த்தாயிற்று, 0.002. அதே வளைவுகளைத் திரும்ப ஓட்டி வந்தபோது முதல் மிதியும் இரண்டாவது மிதியும் ஒரே உயரத்தில் நின்றன. பதினைந்து கிலோமீட்டர் கழித்து முன் டிஸ்க் இரண்டும் 70 டிகிரியை ஒட்டி, சக்கரம் கையால் சுற்றியது. 500 கிலோமீட்டரில் பின் ஷூ இடைவெளியும் பான்ஜோ போல்ட்டுகளும் ஒரு முறை பார்க்கக் குறித்து அனுப்பப்பட்டது.